சராசரி 3.8

இந்த ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி மாலை ஆறு நாற்பதுக்கு என் திரையில் அறுபத்து நான்கு பதில்கள் இருந்தன. என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தாறு. வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதில் சொல்லும் நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன்.

வேலை முடிந்து வெளியேறுபவர்கள் கதவருகே உள்ள திரையில் அன்றைய மனநிலையை அழுத்திவிட்டுப் போக வேண்டும். ஒன்று என்றால் மிக மோசம், ஐந்து என்றால் மிக நன்று. விரும்பினால் ஒரு வரி எழுதலாம். பெயர் வராது, ஆளுக்கொரு எண் மட்டும். யார் எதை அழுத்தினார் என்று யாரும் பார்க்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த வாசகமும் என்னுடையது, பெயர்களுக்குப் போட்ட பூட்டும் என்னுடையது.

அன்று பதினேழாம் எண் ஐந்தை அழுத்தி, "என் நாற்காலிய அந்த ஒடிஞ்ச நாற்காலில உக்காந்திருக்கிற பொண்ணுக்குக் குடுத்துடுங்க. எனக்கு இனிமே வேணாம்" என்று எழுதியிருந்தது. அதன் பிறகு அந்த எண்ணின் பழைய பதில்களைப் பார்த்தேன். நான்கு மாதமாக ஒன்று, ஒன்று, ஒன்று. எழுந்து நின்றுவிட்டேன்.

அதன் பிறகு மேலாளரை அழைத்தேன். "அஞ்சுதானப்பா அழுத்தியிருக்காரு? சந்தோஷமா இருக்கிறவர நீ ஏன் நோண்டறே? பூட்டத் தொடாதே" என்றார். அதன் பிறகு பூட்டைத் திறந்தேன். யாரும் தூண்டவில்லை.

பதினேழாம் எண், மைக் அண்ணன். குரல் பெரிது என்பதால் அந்தப் பெயர். என்னைக் கண்டாலே, "வாடா டாக்டரு, என் மனசுல எத்தன பர்சன்ட் சார்ஜ் இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்பார். தளமே சிரிக்கும். அவரைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

அதன் பிறகு அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தார். விளக்கு எரிந்தது, தட்டியும் அழைத்தும் பதில் இல்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தோளால் இடித்துக் கதவை உடைத்தோம். அவர் மயங்கிக் கிடந்தார். அலுவலக அடையாள அட்டை, கயிறு சுற்றி மேசை மேல் வைக்கப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்தார்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவர் சொன்னது: "உனக்கு நன்றி சொல்லணுமாம், உங்க அண்ணி சொல்றா. சரி, நன்றி. இப்ப நீ சொல்லு தம்பி. நாலு மாசமா ஒன்னு ஒன்னா அழுத்துனேனே, அப்ப எங்கடா போயிருந்தே?"

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். மாதாமாதம் மேலாளருக்குப் போவது சராசரி மட்டும். நான்கு மாதமும் 3.8. பக்கத்தில் பச்சை நிறத்தில் 'நலம்' என்று வரும். அந்த ஒன்றுகள் அதற்குள் கரைந்துபோயின.

ரகசியத்தை மீறினேன் என்று நிறுவனம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறது. மீறினேன், மறுக்கவில்லை. செய்தி பரவிய மறுநாள் மீதி அறுபத்து மூன்று பேரும் ஐந்தை அழுத்தினார்கள். ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. மேலாளர் அதைத் தலைமை அலுவலகத்துக்குப் பெருமையாக அனுப்பிவிட்டார். அதில் எந்த ஐந்து பொய் என்று இனி என்னால் சொல்ல முடியாது.

எழுதியதை ஆய்வாளர் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது நடந்தபடியே. "வெளிய விட்டா என்னப்பா செய்வே?" என்று கேட்டார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்:

1. பூட்டைத் திறந்தது நான்தான் என்று நீதிமன்றத்திலும் சொல்வேன். நான்கு மாத எண்களை, மைக் அண்ணன் சம்மதித்தால் மட்டும் தருவேன்.
2. சுவரில் உள்ள வாசகத்தைக் கிழிப்பேன்.
3. இன்று மாலை மருத்துவமனைக்குப் போய், அவர் கேட்ட கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்.
4. ஒடிந்த நாற்காலிக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுவேன். அண்ணன் நாற்காலி அண்ணனுக்கு வேண்டும்.