ஒரு நிமிட மௌனத்தைத் தந்த பொறியாளர் அம்மையாருக்கு

குழாய்க்குள் ஓடும் நீரின் குணமறிந்தவரே! கூட்டத்துக்குள் கொதிக்கும் கோபத்தின் ஊற்றறிந்தவரே! அதட்டாமலே ஆளத் தெரிந்த எங்கள் அன்புத் தலைவியே! வணக்கம்.

ஒன்பதாண்டுகளுக்கு முன், இந்தக் குடிநீர்ப் பராமரிப்புப் பிரிவுக்குத் தாங்கள் வந்தபோது எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் எப்படி இருந்தது! தேநீர்க் குவளைகளின் வட்டத் தழும்பேறிய நீள்மேசை, கடகடக்கும் மின்விசிறி, அதையும் அமுக்கிவிடும் எங்கள் குரல்கள். வரைவாளர் பேசும்போதே மேற்பார்வையாளர் பேசுவார். இருவரும் பேசும்போது கைப்பேசிகள் பேசும். குட்டையைக் குழப்ப எல்லாரும் இருந்தோம். தெளியவிட ஒருவரும் இல்லை.

முதல் கூட்டத்திலேயே கைப்பேசிகளைப் பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னீர்கள். "பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா இருப்போம். மூச்சு வந்து போறதைக் கவனிங்க, போதும்" என்றீர்கள். நாங்கள் அறிந்த மௌனம் ஒன்றே ஒன்றுதானே! பதறி எழுந்தோம்; தலை குனிந்தோம். தட்டச்சர் அம்மாள் கண்ணைத் துடைக்கவே தொடங்கிவிட்டார். குழாய்ப் பொருத்துநர் மெல்லக் கேட்டார்:

"யாரு மேடம் போயிட்டாங்க?"

"யாரும் போகலைங்க. உடம்பு வந்து உக்காந்தாச்சு, மனசு இன்னும் வரல. அது வர்றதுக்குத்தான் ஒரு நிமிஷம்."

சிரித்தோம். "ஆபீஸ்ல தூங்கறதுக்கு ஆர்டரே போட்டுட்டாங்கப்பா" என்று தாழ்வாரத்தில் கேலி பேசியதையும் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

அந்தச் சிரிப்பு அடங்கிய திங்கள் ஒன்று உண்டு. பத்து நாளாக மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வால்வுக்காரர் திறக்க மறந்தார் என்று நாங்களெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தோம். அவரைப் பணியிலிருந்து நிறுத்தும் ஆணை, தங்கள் கையெழுத்தோடு, கோப்பின் அடியில் காத்திருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன்; கூட்டத்தில் வாய் திறந்தறியாதவர்; கடைசி நாற்காலியில் தொப்பியைப் பிசைந்தபடி இருந்தார். அந்த ஒரு நிமிடம் முடிந்தது. தாங்கள் பேசவில்லை. இன்னொரு நிமிடமும் போனது. கடைசி நாற்காலி பேசியது.

"திறந்தேங்க. எப்பவும் பதினாறு சுத்து, அன்னிக்கும் பதினாறு. ஆனா தண்ணி ஓடுற சத்தமே கேக்கல."

"ஏண்ணே சொல்லல?"

"போன திங்கக்கிழமை கை தூக்கினேன் மேடம். நீங்ககூடப் பாத்தீங்க."

தாங்கள் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. "ஆமாண்ணே, பாத்தேன். பாத்துட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். தப்பு என்னுது."

அன்று பிற்பகல் தோண்டிப் பார்த்தோம். வால்வின் உள்கதவு தண்டிலிருந்து கழன்று கிடந்தது. எத்தனை சுற்றினாலும் திறந்திருக்காது. ஆணையை எங்கள் கண்முன்னே கிழித்தீர்கள். எழுதிக் கொடுத்த எங்களை ஒரு சொல்லாலும் சுடவில்லை. பிஸ்கட் டப்பாவை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினீர்கள்: "இனிமே அந்த ஒரு நிமிஷத்துக்கு மணி பாக்கிறது நீங்கதான்."

அன்று தொட்டு இன்றுவரை அவர்தான் பார்க்கிறார். பேசியே பிழைத்த எங்களைக் கேட்கப் பழக்கி, இன்று பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! நோயற்று, நிறைவுற்று, நினைத்தபோது நினைத்த இடத்தில் நெஞ்சார அமர்ந்து நெடுங்காலம் வாழ்க!

வரும் திங்கள் ஒன்பதரைக்கும் டப்பா சுற்றி வரும், மின்விசிறி கடகடக்கும், தங்கள் நாற்காலி வெறுமையாய் இருக்கும். நாங்கள் மூச்சைக் கவனித்தபடி அமர்ந்திருப்பதைக் கண்டு, புதிதாய் வந்தவர் யாரேனும் வாசலில் தயங்கி, "யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்கக்கூடும்.

வால்வுக்காரர் சொல்வார்: "யாரும் போகலைங்க. வாங்க, உக்காருங்க."

என்றும் தங்கள் சொல்லுக்குச் செவிகொடுக்கும்
குடிநீர்ப் பராமரிப்புப் பிரிவுப் பணியாளர்கள்