பனி மேல் போட்ட பழி

காளியாயி: அந்த இருமலக் கேட்டதுமே நெனச்சேன், நம்ம லொறி டிரைவரு வீரய்யா அண்ணந்தான்னு! கண் கிளினிக் வாங்குல குந்தியிருக்கீங்க, ஒங்களுக்கு இங்க என்ன வேல?

வீரய்யா: எனக்கில்ல தாயி... பூரணிக்கு. தொணைக்கு வந்தேன்.

காளியாயி: மதினி எங்க?

வீரய்யா: அந்தா... கக்கூசு பக்கம் போயிருக்கா.

காளியாயி: அடேங்கப்பா! காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல கங்காணியோட அவங்க போட்ட சண்ட பக்கத்து டிவிசனுக்கே கேட்டுச்சு. நான் பஸ் ஏறுறப்பவும் ஓயல. அதுக்குள்ள நுவரெலியா கக்கூசுக்குப் பறந்து வந்துட்டாங்களா?

வீரய்யா: மெதுவாப் பேசு தாயி.

காளியாயி: சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?

வீரய்யா: நீ யார்கிட்ட சொல்லாம விட்ட? சரி... எனக்குத்தான் சீனி வருத்தம். கண்ணுக்குப் பின்னால எறங்கிருச்சாம்.

காளியாயி: பிளேன்டீக்கு நாலு கரண்டி சீனி போட்டா எறங்காம என்ன செய்யும்?

வீரய்யா: போன வாரம் கண்ணுல ஊசிய விட்டு ஒரு சொட்டுத் தண்ணி எடுத்தாங்க.

காளியாயி: ஆத்தாடி! மதினிகிட்ட சொல்லியிருந்தா ஒங்கள அழவச்சு ஒரு போத்தலே ரொப்பிக் குடுத்திருப்பாங்களே!

வீரய்யா: அது வெளித்தண்ணி. இது உள்தண்ணி. அதுல அழற்சி எம்புட்டுன்னு பாக்குறாங்க. டாக்டரு ஏதோ ஆராய்ச்சி பண்றாரு. அழற்சி கூடக்கூட பின்னால சேதமும் கூடுமாம். இன்னைக்கு முடிவு சொல்லுவாரு.

காளியாயி: அப்ப... நீங்க லொறியக் கொண்டுபோய் கோயில் மதில இடிச்சது?

வீரய்யா: அது பனி.

காளியாயி: உச்சி வெயில்லயா?

வீரய்யா: நம்ம கந்தப்பளைத் தோட்டத்துல எப்ப பனி இல்ல? ரெண்டு மாசமா நானும் பனின்னுதான் நெனச்சேன். தொடைச்சுத் தொடைச்சே லொறிக் கண்ணாடி தேஞ்சுபோச்சு.

காளியாயி: பாவம், வாயில்லாப் பனி! கொழுந்து கொறஞ்சாலும் அதுதான், மதில் இடிஞ்சாலும் அதுதான்... அண்ணே, அந்த லொறியில முப்பது பொம்பளைங்க நிக்கிறோம். என் மருமக வயித்துப் புள்ளையோட நிக்கிறா.

வீரய்யா: தெரியும்... சாவியக் குடுத்துட்டா அப்புறம் நான் யாரு? கண்ணு தெரியாதவன தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டவும் விடமாட்டாங்க.

காளியாயி: அதுவும் சரிதான். எங்கள மலையில உருட்டிவிட்டுட்டு நீங்க டிரைவராவே இருங்க. பேரு நிக்கும்.

வீரய்யா: குத்தாத... நாளைக்கே சாவிய தொரைகிட்ட குடுத்துடுறேன். போதுமா? லயத்துல மட்டும் தமுக்கு அடிச்சிறாத. ஆமா, நீ எதுக்கு வந்த?

காளியாயி: நானா... சின்னம்மா மக வார்டுல இருக்கா. பாக்க வந்தேன்.

வீரய்யா: அப்ப ஒரு ஒதவி செய். இங்க நர்சு மிஸ்ஸி வாயத் தொறந்து கூப்பிடமாட்டா, கதவுல நம்பர் பலகைதான் மாட்டுவா. எனக்கு இருவத்திமூணு. இப்ப எத்தன மாட்டியிருக்கு?

காளியாயி: அந்தப் பலகையிலயா?

வீரய்யா: என்ன தாயி, பாத்துச் சொல்லேன்.

காளியாயி: நல்லா கேட்டீங்க போங்க! எனக்கும் அங்க பனிதான், என் நம்பர் இருவத்திநாலு. நீங்க படிச்சுச் சொல்லுவீங்கன்னுதானே, இருமல் சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வந்து ஒங்க பக்கத்துல குந்துனேன்!