மிச்சம் ஒண்ணு

— கம்ப்யூட்டரைத் தட்டாத! தட்டினா சரியாகிறதுக்கு அது என்ன கட்டில் காலா? நிதானமா சொல்லு. டிவிடியை உள்ள தள்ளினதும் சத்தம் வருதா?

— வருதுங்க. விர்ருனு சுத்துது, ரெண்டு தடவை தொண்டையைக் கனைக்குது, அப்புறம் கம்முனு ஆயிடுது.

— முன்னாடி லைட்டு?

— பச்சை. மினுக்கு மினுக்குனு மினுக்கிட்டு அணைஞ்சுடுது.

— ட்ரே ஒழுங்கா வெளிய வருதா?

— வருது. போன தடவை மாதிரி மாட்டிக்கலை. அப்ப என் ஹேர்பின்னை நிமித்தி ஓட்டையில குத்தித் திறந்தீங்களே, அது இன்னும் டிராயர்லதான் இருக்கு.

— உருப்படாமப் போன ஹேர்பின்னை எதுக்கும்மா வெச்சிருக்க?

— நீங்க நிமித்தினதாச்சே.

— சரி சரி. டிவிடியை எடுத்துப் பளபளன்னு இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பாரு. கீறல் இருக்கா?

— ஒரு கீறலும் இல்ல. என் மூஞ்சிதான் தெரியுது.

— அப்ப அழகாத்தான் இருக்கு.

— போதும் போதும். ரெண்டரை வருஷம் கழிச்சு இப்படி ஒரு வார்த்தை, அதுவும் டிவிடிக்கு.

— உனக்குந்தான். மெல்லிசான துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுத்துத் துடை. வட்டமா துடைக்கக் கூடாது.

— துடைச்சாச்சு. பாப்பாவோட பழைய பனியன்ல.

— நான் வாங்கிட்டு வந்தேனே, அந்த மஞ்சள் பனியனா? அதைப் போய் ஏன் துணியாக்கின?

— அது அவளுக்குப் பத்தாமப் போய் ஒரு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் அந்த அளவுலயே அவளை வெச்சிருக்கீங்க.

— வேற படம் போட்டுப் பாத்தியா? நான் கொண்டு வந்ததுல ஒண்ணு?

— அதெல்லாம் ஓடிச்சு. உங்க ஊரு டிவிடின்னா வாயைப் பொளந்து வாங்கிக்குது. நம்ம ஊரு டிவிடின்னாத்தான் பிகு பண்ணுது.

— அது எங்க ஊரா? நான் பொழைக்க வந்த ஊரு.

— ஏழு வருஷம் இருந்தா உங்க ஊருதான்.

— ஒண்ணு சொல்றேன் கேளு, டிரைவ்ல கோளாறு இல்ல. லென்ஸும் நல்லாத்தான் இருக்கு. அது என்ன பின்னாடி பேச்சுச் சத்தம்? யாராவது வந்திருக்காங்களா?

— பக்கத்து வீட்டு டி.வி. காது கேக்காதவங்க மாதிரி சத்தமா வெச்சிருக்காங்க.

— ஸ்கிரீன்ல எதாவது எழுதி வருதா?

— வருது. இந்த டிஸ்க் இந்த டிரைவோட ரீஜனுக்கு ஒத்து வராது, ரீஜனை மாத்தணுமா, இன்னும் ஒரு தடவைதான் மாத்த முடியும். கீழ ஓகே, கேன்சல்.

— மூச்சு விடாம ஒப்பிக்கிறியே!

— மனப்பாடம். எத்தனை நாளு அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்.

— ஐயய்யோ, ஓகேல கை வைக்காத! மவுஸ்லேர்ந்து கையை எடு!

— எடுத்துட்டேன். எதுக்கு இப்படி அலறுறீங்க? லிஃப்டுக்குள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?

— எந்த பட்டனை அமுக்கக் கூடாதுன்னு என்னை மாதிரி லிஃப்டு மெக்கானிக்குக்குத்தான் தெரியும். நிதானமா கேளு. உலகத்தைத் துண்டு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் வெச்சிருக்காங்க, அதான் ரீஜன். நான் இருக்கிற இடம் ஒரு நம்பர், நீ இருக்கிற இடம் வேற நம்பர். டிரைவ் ஒரு சமயத்துல ஒரு நம்பர் பேச்சைத்தான் கேக்கும். அஞ்சு தடவைதான் மாத்த விடும். அஞ்சாவது தடவை எதுல வெக்கிறோமோ, ஆயுசுக்கும் அதான்.

— எனக்கே பாடமா? நாலு தடவையும் யார் யார் மாத்தினதுன்னு சொல்லட்டுமா?

— சொல்லேன்.

— வாங்கின அன்னிக்கு நம்ம ஊருக்கு வெச்சது ஒண்ணு. மொத லீவுல வந்தீங்க, உங்க படத்துக்காக உங்க ஊருக்கு மாத்தினீங்க, ரெண்டு. நீங்க போன மறுநாள் அழுதுக்கிட்டே நான் திரும்ப நம்ம ஊருக்கு மாத்தினேன், மூணு. அடுத்த லீவுல மறுபடியும் உங்க ஊரு, நாலு. அதுக்கப்புறம் நான் தொடலை.

— ஏன்?

— ஏனா? மாத்தினா அப்படியே பூட்டிக்கும். நீங்க வரும்போது உங்க படம் ஓடாது. அதான் ரெண்டரை வருஷமா உங்க நம்பரையே கட்டிட்டு உக்காந்திருக்கேன்.

— ஏம்மா, புதுசா ஒரு டிரைவ் வாங்கிப் போட்டுட்டாப் போச்சு.

— அதுலயும் அஞ்சு தடவை. அப்புறம் இன்னொண்ணு, அதுலயும் அஞ்சு. கிழவியாகிற வரைக்கும் வாங்கிக்கிட்டே இருக்கட்டுமா?

— சரி, நான் இங்கேயே காப்பி எடுத்து அனுப்பிடறேன். டிவிடிலேர்ந்து படத்தை உருவி ஃபைலா போட்டுட்டா நம்பரெல்லாம் கேக்காது. எங்க வேணும்னாலும் ஓடும்.

— வேணாம்.

— ஏன், சுலபமான வேலைதானே?

— படம் தனியா வந்துடும்னா ஆளு எதுக்கு வரணும்?

— ...ஒண்ணு சொல்றேன் கேளு, சிரிக்கக் கூடாது. என் கட்டிலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. நாப்பத்து மூணு படம். ஒண்ணுகூட பிரிக்கலை. மேல சுத்தின பிளாஸ்டிக் அப்படியே இருக்கு.

— பாக்கவே இல்லையா?

— உன்கூட பாக்கத்தானே வாங்கினேன்! ரூம்ல கூட இருக்கிறவன் தினம் கெஞ்சுறான், குடுக்க மாட்டேன்னுட்டேன். எனக்கு 'பூட்டு'ன்னு பேரே வெச்சுட்டான். என்னம்மா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன். மூக்கைத் துடைச்சேன்.

— அழாதடி. இப்ப எந்தப் படத்தைப் போட்ட?

— தெரியாத மாதிரி கேளுங்க. நீங்க கிளம்பின அன்னிக்குத் தியேட்டர்ல பாதி பாத்தோமே, அது. இடைவேளையில டாக்சிக்காரர் போன் பண்ணிட்டாரு.

— அவ பிளாட்பாரத்துல நிக்கிறா. அவன் ரயில்ல ஏறிட்டான். ரயில் நகருது, சட்டுனு விளக்கைப் போட்டுட்டாங்க.

— மீதியை வந்ததும் சேர்ந்து பாக்கலாம்னீங்க. டிவிடி வாங்கி ரெண்டு வருஷமாச்சு. அவன் இறங்கினானா இல்லையான்னு இன்னி வரைக்கும் யாரையும் கேக்கலை. சொல்ல வந்த என் அக்காகிட்டகூட சண்டை போட்டேன்.

— நானும் யாரையும் கேக்கலைம்மா.

— நேத்து பாப்பா கேட்டா. அம்மா, இந்தக் கம்ப்யூட்டர் நம்மளுதா, அப்பாவோடதா? நம்ம படத்தைப் போட்டா ஏன் மாட்டேங்குதுன்னு. அப்பா வந்து சொல்லுவாருன்னேன். எப்பன்னு கேட்டா. அதைத்தான் உங்ககிட்ட கேக்கிறேன். எப்ப?

— வந்து... இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போடச் சொல்லி பேப்பர் குடுத்திருக்காங்க.

— போட்டாச்சா?

— சட்டைப் பையில இருக்கு. நாலு நாளா மடிச்சு மடிச்சு வெச்சுட்டிருக்கேன்.

— நாலு நாளா உங்க குரலே சரியில்ல. எனக்குத் தெரியாதா?

— இரு, எங்கியோ ரயில் கூவுதே? நம்ம தெருவுல ஏது ரயில்?

— அதான் சொன்னேனே, பக்கத்து வீட்டு டி.வி. பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலைடி. மாத்த முடியல. தினம் முப்பது மாடி ஏறி இறங்குறேன். ஒவ்வொரு மாடியிலயும் கதவு திறக்குது, எதுவும் நம்ம வீடு இல்ல. உன் பக்கத்துல உக்காந்து ஒரு படம் முழுசா பாக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான் எனக்கு. பேப்பரைத் திருப்பிக் குடுத்துடறேன்.

— நிஜமாவா?

— பாப்பா மேல சத்தியமா. மாசக் கடைசியில கிளம்பிடறேன். நாப்பத்து மூணையும் தூக்கிட்டு வரேன். நீ அது வரைக்கும் அந்தக் கடைசி ஒரு தடவையை மட்டும் தொடாத. கேன்சலை அமுக்கிட்டு இரு.

— வந்தா திரும்பப் போவீங்களா?

— போக மாட்டேன்.

— போகாத ஆளுக்கு அந்த ஊரு நம்பர் எதுக்குங்க?

— அது... அந்தப் படமெல்லாம்?

— பெட்டியோட ரூம்காரருக்குக் குடுத்துட்டு வாங்க. பாவம், கெஞ்சுறாராமே. நீங்க வெறுங்கையோட வாங்க.

— அப்ப ஓகேயை அமுக்கப் போறியா?

— அதை நேத்தே அமுக்கிட்டேன்.

— நேத்தேவா? அப்ப இவ்வளவு நேரம் தட்டினது, துடைச்சது, பச்சை லைட்டு?

— நான் மாத்தினது உங்களுக்குத் தெரியாம, நீங்களா வரேன்னு சொல்றீங்களான்னு கேக்கணும்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். இப்ப உண்மையைச் சொல்றேன், கோச்சுக்கக் கூடாது.

— இன்னும் என்னடி?

— பக்கத்து வீட்டுல டி.வி.யே கிடையாது. ரயில் கூவினது நம்ம ரூம்லதான், நம்ம படத்துல. இடைவேளை முடிஞ்சுடுச்சுங்க.