சாட்சிக் கையெழுத்து

மணி இரண்டரை... ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸ் குடியிருப்புக்குப் போகிற சாலை. நாலு விளக்குக் கம்பம், எரிவது ஒன்றுதான். இன்னும் நெருங்கி உட்காருங்கள். இது என் தோழியின் அக்காவுக்கு நடந்தது. நடுவில் யாரும் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்திருக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா அங்கே நர்ஸ். டியூட்டி முடிந்து தனியாக நடந்து வருகிறாள். பின்னால்... சரக்... சரக். ரப்பர் செருப்பைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாமல் இழுத்து நடக்கிற சத்தம். திரும்பினால் யாரும் இல்லை. ஸ்பிரிட் வாசனை மட்டும் குப்பென்று அடிக்கிறது. அந்த நடை யாருடையது என்று அக்காவுக்குத் தெரியும். அந்த நடைக்காரி செத்து ஒரு வருஷம் ஆகிறது.

அவளை எல்லாரும் குட்டி டாக்டர் என்பார்கள். நர்ஸ்தான். ஆனால் மேலே படித்து, தானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் தகுதி வாங்கியவள். பதினொரு வருஷம். ஆள் போதவில்லை என்று பகலோடு ராத்திரியையும் அவள் தலையிலேயே கட்டுவார்கள். மாடாய் உழைத்தாள். கடைசியில் சாப்பிட உட்கார்ந்தால் கையில் சோற்றோடு தூங்கிவிடுவாள்.

வார்டு மேற்பார்வையாளர் ஒருவர். பேச்சில் அவ்வளவு இனிப்பு, அதனால் பட்டப்பெயர் சர்க்கரை. வலிக்கான பெரிய ஊசிமருந்தைத் திருடுவார். நோயாளிக்கு ஏறுவது வெறும் தண்ணீர். அந்த மருந்தை எடுத்தால் நோட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும்... கொடுத்தவர் ஒன்று, பார்த்த சாட்சி ஒன்று. கண் சொக்குகிற நேரம் பார்த்துக் குட்டி டாக்டரிடம் நோட்டை நீட்டுவார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. போட்டுட்டு போய்ப் படு." அவளும் பார்க்காமலே போட்டாள்.

ஏழாம் கட்டிலில் எலும்புப் புற்றுநோய்க்காரர். ஒரு ராத்திரி முழுக்கக் கத்தினார்... விடிகிற வரை. விடிந்ததும் போய்விட்டார். குப்பையில் கிடந்த ஊசியை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாள் குட்டி டாக்டர். தண்ணீர்.

நேராக நிர்வாகத்திடம் போனாள். நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். "சாட்சி நீதானே? அப்ப நீயும் கூட்டுதானே?" சர்க்கரை ஊசியில் தண்ணீர் நிரப்பியதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் எதையும் பாக்கல" என்றாள்.

குட்டி டாக்டருக்கு வேலை போயிற்று. போகும்போது அக்காவிடம் ஒன்று சொன்னாள். "அந்த ஏழாம் நம்பர் கத்தினது காதுலயே நிக்குது. செஞ்சவனும் கத்தணும். பாத்துட்டு சும்மா இருந்தவங்களும் கத்தணும்." அன்று ராத்திரி அந்தச் சாலையோர பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. செருப்பு காலிலேயே இருந்தது.

ஒரு வருஷம் கழித்துச் சர்க்கரை மாடிப்படியில் வழுக்கினார். தொடை எலும்பு இரண்டு துண்டு. காலியாக இருந்த கட்டில் ஒன்றே ஒன்று... ஏழு.

அக்காதான் டியூட்டி. மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். டிக். ஊசி போட்டாள். பத்து நிமிஷத்தில் தூங்கியிருக்க வேண்டும். கத்தினார். புதுப் பெட்டி பிரித்தார்கள். டிக். கத்தினார். டாக்டர் மருந்தையே மாற்றினார். டிக்... "அந்தக் குட்டி டாக்டர் தண்ணி ஊத்துறா! அவளை வெளிய அனுப்புங்க!" சோதித்துப் பார்த்தால் மருந்தில் ஒரு குறையும் இல்லை. இப்படி மூன்று ராத்திரி. எனக்குப் பாவமாகவே இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ராத்திரி ஒன்றரைக்கு மூச்சு அடங்கிவிட்டது.

அவசரத்தில் விட்டுப்போன கையெழுத்துகளைப் போட அக்கா நோட்டைத் திறந்தாள். சாட்சி இடத்தில் மூன்று நாளும் ஒரே கையெழுத்து... குட்டி டாக்டருடையது. தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

அதற்கப்புறம்தான் இந்தச் சாலை. சரக்... சரக். அக்கா அழுதேவிட்டாள். "புள்ளைங்க இருக்காங்கக்கா... வேலை போயிடும்னு பயந்துட்டேன். மன்னிச்சிடுக்கா." சத்தம் நின்றது. மெல்ல ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பிப் போயிற்று. விட்டுவிட்டாள் என்றுதான் அக்கா நினைத்தாள்.

மறுநாள் டியூட்டிக்குப் போய் நோட்டைத் திறந்தாள். புதுப் பக்கம். நோயாளி பெயர் எழுதும் இடத்தில் அக்காவின் பெயர். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, ஈரம் காயாமல். தேதி மட்டும் எழுதவில்லை.

நேற்று என் தோழி போன் செய்தாள். அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல்லாம்... வலி தாங்காமல் சேர்த்திருக்கிறார்கள். "ஊசி போட்டு அரைமணி ஆச்சுடி. இப்ப தூங்கிடுவா" என்றாள்.

அவள் பேசப் பேச, போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள்.