இரண்டு விரற்கடை

சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஆறு மாதம் பூவும் பனித்துளியுமாக எடுத்துத் தள்ளுவார்கள். பிறகு லென்ஸ் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கேமராக் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் சொல்கிறேன், ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

லென்ஸில் பார்க்க வேண்டியது தூரம். நூற்றெண்பது எம்.எம். என்றால் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கும். நாற்பது எம்.எம். என்றால் பூச்சியோடு மூக்கும் மூக்கும் உரச வேண்டும். அந்த நாற்பது எம்.எம். பெட்டியில் குறைந்தபட்ச தூரம் பதினாறு சென்டிமீட்டர் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதை லென்ஸின் முனையிலிருந்து அளப்பதில்லை, கேமராவுக்கு உள்ளே இருக்கும் சென்சாரிலிருந்து அளப்பார்கள். கேமராவும் லென்ஸும் தின்றதுபோக மிஞ்சுவது இரண்டு விரற்கடை. இதை ஒவ்வொருவருக்கும் விரலை வைத்துக் காட்டித்தான் அனுப்புவேன். அத்தானுக்கு மட்டும் காட்டவில்லை.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற மறுநாள் கேமரா வாங்கினார், மறுமாதம் நிபுணர் ஆகிவிட்டார். எங்கள் போட்டோ கிளப்பில் ஒருநாள் நான் எடுத்த தட்டான் படத்தைத் திரையில் போட்டார்கள். பதினான்கு ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரை ஈரத்தில் குப்புறப் படுத்து எடுத்த படம். விளக்கு அணைந்திருந்த அறையில் அத்தானின் குரல் கேட்டது.

"மாப்ள, இது உசுரோட இருக்கா? இல்ல, நீ ஃபோகஸ் பண்றதுக்குள்ள வயசாகிப் போய்ச் சேந்துடுச்சா?"

அறையே சிரித்தது. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள் வேறு காரணம் தேடி அலைய வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவர் மேக்ரோ லென்ஸ் கேட்டுக் கடைக்கு வந்தார். பூ எடுக்கப் போகிறாராம்.

"பூவைத்தான் எல்லாரும் எடுக்கறாங்களே, அத்தான். குளவி எடுத்தா கிளப்பே எந்திரிச்சு நிக்கும். ஆனா அது ஒங்களுக்கு ஒத்துக்காது, விடுங்க" என்றேன்.

ஒத்துக்காது என்றது உண்மை. எட்டு வருடம் முன்பு ஒரே ஒரு குளவி கொட்டி, முகம் வீங்கி மூச்சுத் திணறியவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். இன்னொரு தடவை கொட்டினால் ஆள் தேறுவது கஷ்டம், ஊசி மருந்து எப்போதும் கையோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் என்னிடம்தான்.

"யாருக்குடா பயம்?" என்றார் அத்தான். நான் எடுத்து வைத்த நாற்பது எம்.எம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "பதினாறு சென்டிமீட்டர். தாராளமா தள்ளியே இருக்கலாம்போல."

"பெட்டியில போட்டிருக்கறது சரியாத்தான் இருக்கும், அத்தான்."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய கேமராப் பையை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். ஃப்ளாஷுக்கு மாற்று பேட்டரி வைக்க இடம் போதவில்லை. பையின் பக்க அறையில் இருந்த ஊசி மருந்தை எடுத்து, பீரோவில் அக்காவின் துணிகளுக்கு அடியில் வைத்தேன். வெயிலில் கெட்டுப்போகும் பொருள்.

பழைய கிடங்கின் பின்சுவரில், உடைந்த தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கூடு இருந்தது. முப்பது நாற்பது குளவி இருக்கும். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். அத்தான் ஒரு சாண் தூரத்தில் கேமராவைப் பிடித்தார்.

"சின்னதாத்தாண்டா தெரியுது, மாப்ள."

"இன்னும் கொஞ்சம் கிட்ட, அத்தான்."

மூச்சுக்காற்று பட்டால் குளவிக்குப் பொறுக்காது. ஃப்ளாஷ் ஒரே தடவைதான் மின்னியது. கண்ணிமையில் ஒன்று, கழுத்தில் நான்கு. பையைக் கேட்டார், கொடுத்தேன். பக்க அறையைத் திறந்தார். பேட்டரிகள் ஒழுங்காக அடுக்கி இருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தான் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டார். ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது உண்மை. கொஞ்சம் பொறுத்துச் செய்தேன்.

பத்து நாள் கழித்துத் துணி மடித்து வைக்கும்போது அக்காவின் கையில் ஊசி தட்டுப்பட்டிருக்கிறது. அவள்தான் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டேன், ஐயா. கொன்றது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'தவறான லென்ஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் கையால் யாரும் தவறான லென்ஸ் வாங்கிப் போனதில்லை.