ஸ்டிரர் நின்றால் என்ன ஆகும்?

அவைக்குத் தலைமை ஏற்று, அளந்து பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆலைப் பெரியோர்களே, வேலைக்குப் போனவர் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

ஆபத்தை ஆராய எந்த முறை ஏற்றது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நான் தவறாகத் தேர்ந்தெடுத்த கதையையே சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி நான். ஒரே மாதத்தில் இரண்டு வேலைகள் வந்தன. பழைய கொதிகலனை வேறு கொட்டகைக்கு மாற்ற வேண்டும். அமிலம் சேர்த்து வினை நடத்தும் புதிய ரியாக்டரை நிறுவ வேண்டும். இரண்டுக்கும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலை நீட்டினேன். கொதிகலனுக்கு அது போதும். அதன் குணம் எங்களுக்கு அத்துப்படி. ரியாக்டரோ புதிது. வால்வு உண்டா? உண்டு. அளவுமானி உண்டா? உண்டு. அரை நாளில் அத்தனை கட்டத்திலும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் வாரம், ஒரு முற்பகல். உள்ளே கலக்கும் துடுப்பு, அதாவது ஸ்டிரர், நின்றுவிட்டது. அமிலம் மட்டும் நிற்காமல் இறங்கி, கலக்காமல் தேங்கியது. ரியாக்டரை இயக்கும் ஆபரேட்டர் அம்மா, பதறாமல், தனக்குச் சொல்லித் தந்தபடியே ஸ்டிரரை மறுபடி ஓட விட்டார். தேங்கியதெல்லாம் ஒரே நொடியில் வினைபுரிந்தது. மூடி பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் குழாய் முடுக்கிக்கொண்டிருந்த ஃபிட்டரின் இடது கை தோள்வரை வெந்தது. அந்த ஃபிட்டர் என் மனைவியின் தம்பி.

மருத்துவமனையில் அவன் என்னைத் திட்டவில்லை. "மாமா, ஸ்டிரர் நின்னா என்ன ஆகும்னு அந்தத் தாள்ல கேள்வி இருந்துச்சா?" என்றான். இல்லை என்றேன். "எங்கள்ல யாரையாவது கேட்டிருக்கலாமே" என்றான். சோதனை ஓட்டத்திலேயே ஸ்டிரர் இருமுறை நின்றதாம். பார்த்தவர் உண்டு, கேட்டவர் இல்லை.

பிறகு ஆபரேட்டர்களையும் ஃபிட்டர்களையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வரைபடத்தை விரித்து, குழாய் குழாயாகக் கேட்டோம். ஓட்டம் நின்றால்? கூடினால்? குறைந்தால்? திரும்பி வந்தால்? நான்காம் நாள் அந்த ஆபரேட்டர் அம்மா மெல்லச் சொன்னார்: "ஸ்டிரர் நின்னா அமிலமும் தானா நிக்கணும் சார். என் கைய நம்பி விடாதீங்க." அப்படியே அமைத்தோம்.

என்ன தோழரே, பின்வரிசையில்? "அதுக்கெல்லாம் நேரம் எங்க சார்?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி, எங்கள் மேலாளரும் அதையே கேட்டார். பழகிய இயந்திரத்துக்குப் பட்டியல் போதும், அரை நாள் போதும். புதிய வினைக்கு, குழாய் குழாயாகக் கேட்டே ஆக வேண்டும். எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. என் மைத்துனன் மருத்துவமனையில் கிடந்தது நாற்பத்தாறு நாள்.

சென்ற ஆண்டு அந்த ஸ்டிரர் மறுபடியும் நின்றது. அமிலமும் நின்றது. ஆபரேட்டர் அம்மா பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் ஆராய்ச்சி. அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பேச்சு. பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன், வணக்கம்.