மைதானத்தின் நடுவில் நாங்கள் இருந்தோம்

தெல்கந்தை தோட்டத்தில் பயிற்சி விமானம் விழுந்தமை தொடர்பில், தானாக நிலையத்துக்கு வந்த சாட்சி தமிழில் கூறியவை, கூறியபடியே தமிழில் பதியப்படுகின்றன.

பெயர்: கஜேந்திரன் சுகந்தினி. வயது: 34. மதம்: இந்து. தொழில்: தோட்டத்துப் பிள்ளை காம்பராவின் பொறுப்பாளர். முகவரி: தெல்கந்தை தோட்டம், கீழ்ப்பிரிவு, யட்டியாந்தோட்டை.

நான் மேற்படி முகவரியில் என் கணவர் பிரதாப்புடன் வசித்து வருகிறேன். அவர் ரப்பர் பால் வெட்டுபவர். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு உதவியாக சுப்பம்மா அக்கா இருக்கிறார். இன்று என்னை யாரும் அழைத்துவரவில்லை. போக வேண்டாம் என்றுதான் என் கணவர் இரவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் அவரே வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

சென்ற மாதம் 14ஆம் திகதிக்கு முந்திய மூன்று நாட்களும் எங்கள் பக்கம் விடாமல் மழை பெய்தது. மண்சரிவு எச்சரிக்கை இருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். 14ஆம் திகதி காலையில் மழை விட்டு, மரங்கள் காய்ந்த பிறகு, தாமதமாகப் பால்வெட்டு தொடங்கியது. தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். அன்று என்னிடம் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளை காம்பராவுக்குப் பக்கத்தில் உள்ள ஊற்றில் தண்ணீர் சேறாக வந்துகொண்டிருந்தது. மழை விட்ட பிறகும் ஊற்றுத் தண்ணீர் கலங்கியிருந்தால் அது கெட்ட அறிகுறி என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அடிக்கடி வெளியே போய் அதைப் பார்த்துவந்தேன். சுப்பம்மா அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர், "நீ சும்மா பயந்து சாவாத புள்ள" என்றார்.

பயிற்சி என்று நான் கூறுவது, சென்ற வருடம் அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்து கொடுத்த மண்சரிவுப் பயிற்சி. மலைப் பக்கம் வழக்கமில்லாத சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போக வேண்டும், ஓரத்தில் நிற்காமல் நடுவில் உட்கார வேண்டும் என்று சொன்னார்கள். மைதானம் சரிவிலிருந்து விலகி, மேட்டில், தனியாக இருக்கிறது. சுற்றிலும் ரப்பர். அந்தப் பக்கத்தில் மரமில்லாத இடம் அது ஒன்றுதான். பிள்ளைகள் சிதறாமல் இருக்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று தந்தார்கள். ஒரு முடிச்சுக்கு ஒரு பிள்ளை. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. எனக்கு அது விளையாட்டு இல்லை. நான் அரநாயக்க மண்சரிவில் தப்பியவள். என் அக்கா இந்திராணி என் பின்னால்தான் வந்தாள். கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பினாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு, பிள்ளைகளுக்குப் பத்து மணிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மலைக்குப் பின்னாலிருந்து குமுறுவது போன்ற சத்தம் கேட்டது. மேகம் மலை உச்சியில் படுத்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு கூடியது, பிறகு அடியோடு நின்றது. அது விமானத்தின் எஞ்சின் என்று எனக்குத் தெரியாது. மலை வருகிறது என்றே நினைத்தேன். தோட்டத்து அனர்த்தக் குழுவின் தலைவர் கிருஷ்ணராஜ் விசில் ஊத வேண்டும், அதன் பிறகுதான் நாங்கள் கிளம்ப வேண்டும் என்பது ஒழுங்கு. நான் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. கிருஷ்ணராஜ் அண்ணனைக் குற்றம் சொல்ல நான் இங்கே வரவில்லை, ஆனால் அந்த நேரத்தில் அவரும் விசிலும் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் இருந்தார்கள்.

அதன் பிறகு நானும் சுப்பம்மா அக்காவும் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளைப் பிடிக்கச் செய்து, கைக்குழந்தைகள் இருவரை ஆளுக்கொருவராகத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினோம். கதவைப் பூட்டவில்லை. பயிற்சியில் சொன்னபடி நட்டநடுவில் பிள்ளைகளை உட்காரவைத்தோம். நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை அசையவில்லை. அப்போது கீழ்ப் பக்கத்து ரப்பர் மரங்களுக்கு மேலாக ஒரு சிறிய வெள்ளை விமானம் சத்தமே இல்லாமல் எங்களை நோக்கி நேராக வந்தது. அதன் மூன்று சக்கரங்களையும் பார்த்தேன். அது இறங்கத்தான் வருகிறது என்பது எனக்கே தெரிந்தது. எழுந்து ஓட நேரம் இல்லை. எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் விமானத்தைக் கண்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினார்கள். கயிற்றை விடாமல் ஆட்டியதால் கயிறும் மேலே போய் ஆடியது.

அதன் பிறகு விமானம் சட்டென்று இடது பக்கம் திரும்பியது. ஒரு இறக்கை கீழே சாய்ந்தது. கண்ணாடிக்குள் ஒரு தலை எங்கள் பக்கம் திரும்பியிருந்ததைக் கண்டேன். திரும்பிய கையோடு அது மைதானத்துக்கு வெளியே ரப்பர் மரங்களுக்குள் விழுந்தது. கிளைகள் முறியும் சத்தம்தான் கேட்டது. தீப்பிடிக்கவில்லை.

அதன் பிறகு பிள்ளைகளை சுப்பம்மா அக்காவிடம் விட்டுவிட்டு நான் அங்கே ஓடினேன். மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகள் சிதறி, விமானத்தின் மேலெல்லாம் ரப்பர் பால் வடிந்திருந்தது. பெற்றோல் வாசனை வந்தது. உள்ளே ஓர் இளம் பெண் பிள்ளை தனியாக இருந்தார். அவர் பெயர் ஆதிலா என்பதைப் பிறகு அறிந்தேன். கால்கள் நசுங்கி அகப்பட்டிருந்தன. நெற்றியில் இரத்தம். கண் திறந்து என்னைப் பார்த்து, "புள்ளயளுக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார். நான், "ஒன்னுமில்லம்மா, எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றேன். அதைக் கேட்ட பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு என் கணவரும் மற்ற ஆட்களும் வந்து அவரை வெளியே எடுத்தார்கள். அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை.

அன்று பின்னேரம் பொலிஸார் வந்தபோது, கிருஷ்ணராஜ் எல்லாருக்குமாகச் சிங்களத்தில் பேசினார். மைதானத்தில் யாரும் இருக்கவில்லை என்றார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். பொலிஸார் போன பிறகு அவர் என்னிடம், "வாயை மூடிக்கிட்டு இருங்க தங்கச்சி. பிள்ளைங்கள அங்க கொண்டுபோனது யாருன்னு கேட்டா ஒங்க பேருதான் வரும். வேலையும் போயிரும், கேசும் வரும்" என்றார். நான், "ட்ரெய்னிங்ல சொன்னதத்தானேண்ணே செஞ்சேன்?" என்று கேட்டேன். பிள்ளைகளின் தாய்மாரும் பயந்துபோயிருந்தார்கள். பொலிஸ், கோர்ட் என்று அலைய யாருக்கு முடியும் என்றார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான், இப்போதும் இருக்கிறது.

அதன் பிறகு, நாலைந்து நாள் கழித்து, விமான விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி ஒருவர் வந்து மைதானத்தை அளந்தார். கூட வந்தவர் தமிழில் எங்களுக்கு விளக்கினார். மழைக்குப் பிறகு காற்று ஈரமாக இருந்தால் இந்தச் சிறிய எஞ்சின்களின் காற்றுக் குழாயில் பனி பிடித்து எஞ்சின் நிற்குமாம். பெற்றோலில் தண்ணீர் கலந்தாலும் நிற்குமாம். பெற்றோலை அளந்து பார்க்காமல் கிளம்பி விழுந்தவையும் உண்டாம். ஆனால் எஞ்சின் நின்றுபோனால் மட்டும் ஆள் சாவது குறைவு என்றார். நேராகச் சறுக்கிக்கொண்டு வந்து வயலில் இறக்கி, நடந்தே வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்களாம். தாழ்வாக வரும்போது, வேகம் குறைந்த நேரத்தில் சட்டென்று திருப்பினால்தான் இறக்கைக்குப் பிடிமானம் போய் விழுந்துவிடுமாம். மெதுவாகப் போகும் சைக்கிளை ஒடித்துத் திருப்பினால் சாய்வது போல என்றார். பயிற்சி பெறுகிறவர்கள் பதறிப்போய்ச் செய்கிற பிழைகளில் ஆளைக் கொல்வது அதுதான் என்றும், பெரும்பாலும் இதுவும் அப்படித்தான் என்றும் சொன்னார். அந்த அதிகாரி மைதானத்தைக் காட்டி, இவ்வளவு நல்ல இடம் கண் முன்னால் கிடக்கும்போது எதற்குத் திரும்ப வேண்டும் என்று சிங்களத்தில் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். சுப்பம்மா அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினார். நான் அப்போதும் பேசவில்லை.

அதன் பிறகு சென்ற ஞாயிற்றுக்கிழமை விமானம் ஓட்டிய ஆதிலாவின் தகப்பனார் மீராசாஹிப், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். மகளை வெளியே எடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வந்ததாகக் கூறினார். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். என் வீட்டில் தேத்தண்ணி குடித்தார். மகளுக்கு எஞ்சின் நின்றது வரைதான் ஞாபகம் இருக்கிறதாம், பிறகு ஒன்றும் இல்லையாம். "நாந்தான் பிழ விட்டிருப்பேன் வாப்பா எண்டு சொல்றா. அப்பிடித்தான் எழுதிக் குடுக்கப் போறாளாம். இனி அவள பறக்க உடமாட்டாங்க, அத உடுங்க, நடந்தாலே போதும். ஆனா எண்ட மகள் பயந்தவ இல்ல. அவ ஏன் தரைய உட்டுட்டு மரத்துக்குத் திரும்பினா எண்டு மட்டும் எனக்கு விளங்குதில்ல" என்றார். அப்படிச் சொன்னபோது, அவர் கொடுத்த பிஸ்கட்டை எங்கள் பிள்ளைகள் அவர் முன்னாலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வேலை போகலாம். பிள்ளைகளை நான் ஆபத்தில் கொண்டுபோய் வைத்தேன் என்று நாளைக்கே சொல்லலாம். அதே சத்தம் திரும்பவும் கேட்டால், அதே கயிற்றை எடுத்துக்கொண்டு அதே மைதானத்துக்குத்தான் ஓடுவேன், எனக்கு வேறு இடம் தெரியாது. ஆனால் பதினொரு பிள்ளைகளுக்காகத் திரும்பிய ஒரு பிள்ளை, தான் பிழை செய்ததாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் கூறியவற்றை எழுதிய உத்தியோகத்தர் முக்தார் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் தனியாக எழுதியிருந்த சுருக்கத்தில் "விமானம் மைதானத்தைத் தவறவிட்டு மரங்களில் மோதியது" என்று இருந்தது. அப்படி நான் சொல்லவில்லை என்றும், அதை வெட்டாமல் கையொப்பம் இட மாட்டேன் என்றும் கூறினேன். வேறு எப்படி எழுதுவது என்று அவர் கேட்டார். "விமானி எங்களைக் கண்டு, மைதானத்தை எங்களுக்கு விட்டுவிட்டுத் திரும்பினார்" என்று எழுதச் சொன்னேன். அவர் அந்த வரியை வெட்டிவிட்டு அப்படியே எழுதினார். வெட்டிய இடத்தில் என் சுருக்கொப்பம் இட்டுள்ளேன்.

மற்றபடி எதையும் கூட்டாமல் குறைக்காமல், கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கூறினேன். எவருடைய தூண்டுதலும் இல்லை. இதை ஆதிலா என்ற அந்தப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, உண்மை என உறுதிசெய்து கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) க. சுகந்தினி